எர்த்து பாய்

மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ்ஸைவிட்டு இறங்கி ஹபீப் ரஹ்மான் வீடு எது என்று கேட்டால் டீக்கடைக்காரர் அரை நிமிடம் யோசிப்பார். எர்த்து பாய் வீடு என்று கேட்டால் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவரே கூட வந்து காட்டுவார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ரேஷன் கார்டில் மட்டும்தான் இருந்தது.

பெயர் வந்த கதை ஒன்றும் பெரிதில்லை. அந்த மனிதர் எர்த்துக் குழி இல்லாத வீட்டுக்கு ஒயரிங் செய்ய மாட்டார். குழி என்றால் பேருக்கு ஒரு கம்பியை மண்ணில் சொருகிவிட்டு வருகிற சமாச்சாரம் இல்லை. ஆறடி ஆழம், நடுவில் இரும்புக் குழாய், சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டி, மேலே தண்ணீர். கரண்டு எங்கேயாவது கசிந்தால் மனித உடம்பைத் தேடிப் போகாமல் நேராக மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். "ஏனுங்க பாய், ரெண்டு ரூம் ஊட்டுக்கு எதுக்குங்க கெணறு வெட்டறீங்க?" என்று கேலி பேசாத ஆள் அடிவாரத்தில் இல்லை. அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார், கடப்பாரையை எடுத்துக்கொண்டு தோண்டப் போய்விடுவார். சித்திரை வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு எட்டு மைல் போய், என்றைக்கோ போட்ட குழிக்கு, அந்த வீட்டுக் குடத்தையே எடுத்து இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவார். குழி காய்ந்தால் வேலை செய்யாதாம். யார் கூப்பிட்டார்கள் இவரை? ஒருத்தரும் கூப்பிடவில்லை.

இன்னொரு கிறுக்கும் உண்டு. மகள் நஸ்லினின் பிறந்தநாளன்று நோன்பு பிடிப்பார். தில்ஷாத் பேகம் சேமியா பாயசம் காய்ச்சி வைத்துக்கொண்டு வருடா வருடம் சண்டை போடுவாள். நேர்ச்சை என்பார். என்ன நேர்ச்சை என்றால் தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போய்விடுவார். கட்டிய மனைவியிடமே சொல்ல முடியாத நேர்ச்சை என்று ஒன்று உண்டா?

உண்டு. அது 1998 ஐப்பசியில் தொடங்கியது.

மலைமேல் வாசலூர்பட்டியைத் தாண்டி ஒரு மைலில், மிளகுக் கொடி ஏறிய மரங்களுக்கு நடுவே செல்லமுத்துவின் ஓட்டு வீடு. அந்தப் பக்கம் வீடுகளுக்குக் கரண்டு வந்துகொண்டிருந்த வருடம் அது. செல்லமுத்து அவசரக்காரர். கம்பம் நடுவதற்கு முன்பே நாமக்கல் போய் இரும்பு மூடி போட்ட ஒரு டேபிள் பேனை வாங்கி வந்து, நாற்காலியில் வைத்து, துண்டைப் போர்த்தி வைத்திருந்தார். இந்தக் குளிரில் பேன் எதுக்கு என்று அவர் மனைவி கண்ணாயி திட்டினாள். காற்று வீசாத நாளில் சாமை தூற்றலாம் என்றார். ஒயரிங் வேலைக்கு மலையேறி வந்த ஹபீப் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். அப்போதெல்லாம் அவர் சிரிப்பார்.

மூன்று நாளில் வேலை முடிந்து குழி ஒன்றுதான் பாக்கி. அங்கேதான் தடை வந்தது. "மண்ணுல கைய வெக்கோணும்னா சாமிகிட்டப் பூ கேக்கோணுங்க பாய்," என்றார் செல்லமுத்து. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் தோண்டலாம். வெள்ளிக்கிழமைதான் கேட்க முடியும். அன்றைக்குப் புதன்.

அன்று மத்தியானமே பஸ் கண்டக்டர் மூலம் சேதி வந்தது. தில்ஷாத்துக்கு வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் தங்காமல் போன வீடு. ஹபீபுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தப் பதற்றத்தில் ஒரு காரியம் செய்தார். நடு அறை பிளக்கின் மூடியைக் கழற்றி, மண்ணுக்குப் போக வேண்டிய எர்த்து முனையை, கம்பத்துக்குத் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியோடு விரல் நீளச் சிவப்பு ஒயரால் சேர்த்துக் கட்டினார். குழி இல்லாமலே எல்லாம் ஓடும். நியூட்ரல் அறுகிற வரைக்கும் ஒன்றும் ஆகாது. அறுந்தால், அந்தப் பிளக்கில் மாட்டிய சாமானின் இரும்பு உடம்பு முழுக்கக் கரண்டுதான். இதெல்லாம் தெரியாத ஆளில்லை அவர். தெரிந்தே செய்தார். ஒரு வாரம்தானே என்று செய்தார்.

பஸ் ஏறும்போது செல்லமுத்து ஜன்னலோரம் வந்து நின்று, "எப்ப வாரீங்க பாய்?" என்று கேட்டார்.

"அடுத்த வாரம் வாரேனுங்க."

நஸ்லின் பிறந்தாள், குறை மாதத்தில், கைக்குள் அடங்குகிற அளவில். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டே ஒரு மாதம் ஓடியது. அடைமழையில் மலைப்பாதையில் மண் சரிந்து பஸ்ஸும் நின்றது. கார்த்திகை பிறந்து நாலைந்து நாளில் பஸ் மறுபடி ஓடியபோது, அதே டீக்கடையில் அதே கண்டக்டர் சொன்னார். "மழக்காத்துல கம்பத்துல ஒரு கம்பி அந்துபோச்சுங்க. புது மருமவ பேன் சுச்சப் போட்டிருக்குது, சுத்தல. ஏன் சுத்தலைன்னு செல்லமுத்து கைய வெச்சுருக்காரு. வெறுங்காலு, அப்பத்தான் சாணி போட்டு மொழுகுன தரை. அவ்வளவுதாங்க." ஒரு வாய் டீ குடித்துவிட்டு அவரே காரணமும் சொன்னார். "அந்தப் புள்ள தூரமா இருந்த நாளாம். வெளிய உக்கார வேண்டியவ உள்ளார வந்து சுச்சத் தொட்டுருக்குது. சாமி சும்மா வுடுமா?"

ஹபீப் டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்தார். துக்கம் விசாரிக்க அடுத்த பஸ்ஸில் ஏறினார். மலைப்பாதையின் இருபத்து மூன்றாவது வளைவில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, நடந்தே கீழே வந்து சேர்ந்தார். அதோடு மலைக்குப் போவதை விட்டுவிட்டார். ஆனால் மலை அவரை விடவில்லையே. ஆளில்லாத வீட்டில் தனியாக வேலை செய்கிறபோது, டெஸ்டரைப் பிளக்கில் வைத்ததும் அதன் பிடிக்குள் குன்றிமணி அளவுக்குச் சிவப்பு வெளிச்சம் எரியும். அந்த நொடியில் முதுகுக்குப் பின்னால் கேட்கும். எப்ப வாரீங்க பாய்? கோபமில்லாத குரல். கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பார்.

இப்படிப் பத்து வருடம் போயிற்று. அதற்குள் ஊருக்கு ஊர் கம்ப்யூட்டர் வந்தது. ஹபீபும் சேலத்தில் பதினைந்து நாள் பயிற்சிக்குப் போய், கேபிள் முனையில் எட்டு நூல் கம்பிகளை நிறம் பார்த்து அடுக்கி அமுக்குகிற வித்தையைக் கற்றுக்கொண்டார். 2008 ஆவணியில் சேலத்துக் கடைக்காரர் போன் செய்தார். மலையில் மிளகு விவசாயிகள் சங்கம் ஒன்றுக்கு வைஃபை பெட்டி மாட்ட வேண்டும், வாசலூர்பட்டி பக்கம், உம்மை விட்டால் ஆளில்லை. முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். வாசலூர்பட்டியில் எத்தனையோ வீடு, பத்து வருடமும் ஆகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சரி என்றார்.

பஸ் நிறுத்தத்தில் பைக்கோடு நின்றவனுக்கு முப்பது வயது இருக்கும். ஹபீபைப் பார்த்ததும் சிரித்தான். "என்னத் தெரியலீங்களா பாய்? தமிழ்செல்வனுங்க. செல்லமுத்து மவன். எங்கூட்டு முன்னறையத்தான் சங்கத்துக்கு உட்டிருக்கறோம்."

ஹபீப் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். திரும்பிப் போகலாமென்றால் வந்த பஸ் போய்விட்டிருந்தது.

வீடு அப்படியே இருந்தது. கண்ணாயி வாசலுக்கே வந்து, "வாங்க கரண்டு பாய், எங்க ஊட்டு வழியே மறந்துபோச்சுங்களா?" என்று செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அந்த அன்பை வாங்கிக் குடிப்பதற்குள் அவருக்கு உயிர் போய்விட்டது.

வேலை சின்னதுதான். டெலிபோன் கம்பியில் வருகிற இன்டர்நெட் முன்னறையில் இருந்தது. கல்சுவர் இரண்டடி கனம், வைஃபை அலை பின்கட்டுக்குப் போகவில்லை. நடு அறைக் கூரைச் சட்டத்தில், சாப்பாட்டுத் தட்டு அளவுள்ள வெள்ளைப் பெட்டியை மாட்டினால் வீடு முழுக்க வரும். அந்தப் பெட்டிக்குத் தனியாகக் கரண்டு ஒயர் வேண்டாம். கீழே பிளக்கில் மாட்டுகிற சின்னக் கறுப்பு அடாப்டர் ஒன்று, கரண்டையும் சேதியையும் ஒரே கேபிளில் ஏற்றி மேலே அனுப்பிவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் நடு அறையில் இருந்தது ஒரே ஒரு பிளக். செல்லமுத்து செத்த அன்றைக்குப் பிறகு அதில் யாரும் எதையும் மாட்டியதே இல்லை என்று தமிழ்செல்வன் சொன்னான். "அம்மாவச் சம்மதிக்க வெக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சுங்க."

கேபிள் இழுக்கப் பின்பக்கம் போனபோது, வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு பலகைக் கல் கிடந்தது. மேலே மஞ்சளும் குங்குமமும் பூசி, பூ வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி ஒருவரும் கால் வைக்காத மாதிரி புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. என்ன என்று அவர் கேட்கவில்லை.

பெட்டியை மாட்டினார். கேபிளை இறக்கினார். பிளக்கின் மூடியில் இரண்டு ஸ்க்ரூ. ஸ்க்ரூ டிரைவரை வைத்தவர் அப்படியே நின்றார். திறந்தால் உள்ளே அந்தச் சிவப்பு ஒயர் இருக்குமா? இத்தனை வருடத்தில் எவனாவது லைன்மேன் பார்த்து எடுத்திருக்க மாட்டானா? எடுத்திருப்பான், எடுத்திருப்பான் என்று சொல்லிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போட்டார். அடாப்டரை மாட்டிச் சுவிட்சைப் போட்டார். கூரையில் பச்சை விளக்கு எரிந்தது. முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அறையில் யாருமில்லை. ஊர் முழுக்க எர்த்து எர்த்து என்று உயிரை வாங்குகிற மனிதர், பத்து வருடத்தில் எர்த்து பார்க்காமல் கிளம்பிய ஒரே வேலை அதுதான்.

கிளம்புகிற நேரம் பொழுது சாய்ந்துவிட்டது. சமையற்கட்டில் இருட்டுக்குள் ஒரு பெண் அரிவாள்மணை முன்னால் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தாள். தமிழ்செல்வன் போய் லைட்டைப் போட்ட பிறகுதான் குனிந்து மரவள்ளிக்கிழங்கை நறுக்கத் தொடங்கினாள்.

"எம் பொண்டாட்டி கவிதாங்க. சுச்சத் தொடமாட்டா. அப்பா போனப்ப ஊருல அப்படி ஒரு பேச்சாயிருச்சு, அதுலருந்து தொடறதில்ல. நான் வர நேரமானா இருட்டுலயே உக்காந்திருப்பா," என்றான் அவன், மழை வருகிறது என்று சொல்கிற மாதிரி.

பேச்சு எழுந்தது ஹபீபுக்குத் தெரியும். அது பத்து வருடம் அந்த வீட்டுக்குள் குடியிருந்தது தெரியாது. பஸ்ஸில் எழுபது வளைவும் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினார். கண்ணுக்குள் அந்தப் பெண் கையைக் கட்டியபடியே இருந்தாள்.

ஒன்பதாம் நாள் தமிழ்செல்வனிடமிருந்து போன் வந்தது. "பாய், பகலெல்லாம் நல்லாத்தான் ஓடுது. சாயங்காலம் ஆறரை ஆனா பெட்டி அணஞ்சு அணஞ்சு எரியுதுங்க." கொஞ்சம் தயங்கினான். "எங்கம்மா அப்பா வாராருன்னு சொல்றாங்க. தெனமும் அந்நேரம் பெட்டிக்குக் கீழ ஒரு டம்ளர் வரக்காப்பி வெச்சு உக்காந்துக்கறாங்க. ஊருல நாலு பேரும் வந்து பாத்துட்டுப் போறாங்க. நீங்க ஒரு எட்டு வாங்க."

ஹபீப் போனை வைத்தார். பெட்டி ஏன் அணைகிறது என்று அவருக்குப் பார்க்காமலே தெரிந்துவிட்டது. அறுந்த நியூட்ரலை அன்றைக்கு ஏதோ முறுக்கி ஒட்டியிருப்பார்கள். ஊரே விளக்குப் போடுகிற நேரத்தில் அந்த இளகிய முடிச்சு தாங்காமல் கரண்டு பின்னால் திரும்பும். சிவப்பு ஒயர் வழியாக எர்த்துக்கு ஏறி, அடாப்டருக்குள் புகுந்து, கேபிளோடு கூரைக்குப் போய் பெட்டியைத் தடுமாற வைக்கும். யாரும் அதை எடுக்கவில்லை. அது பத்து வருடமாக அங்கேயே இருக்கிறது. இன்னொரு காற்றுக்கு இன்னொரு ஆளைக் கொல்லும்.

பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தவரை நஸ்லின் நிறுத்தினாள். பத்து வயது நிறையப்போகிற பெண். "எப்ப வாரீங்க அத்தா?" என்று கேட்டாள்.

அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தில்ஷாத் அடுப்படியிலிருந்து ஓடி வந்து, "என்னாச்சுங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு?" என்றாள். அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னார், முழுவதையும். அவள் அழவில்லை. மகளின் தலையில் கையை வைத்தாள். "இவ பொறந்ததுக்கா இந்தப் பழி இன்னொருத்தி தலையில கெடக்குது? போய்ச் சொல்லிட்டு வாங்க. சொல்லாம வராதீங்க," என்றாள்.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த நடு அறையில் கண்ணாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஆவி பறக்கிற காப்பி டம்ளர். ஹபீபைப் பார்த்ததும் தன் பக்கத்திலேயே பாய் விரித்துப் போட்டாள். தமிழ்செல்வன் கதவோரம் நின்றான். கவிதா சமையற்கட்டு இருட்டில் இருந்தாள், வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

ஆறரைக்கு ஊரில் விளக்குகள் எரியத் தொடங்கின. பச்சை விளக்கு ஒரு தடவை துடித்து அணைந்தது. பிறகு மஞ்சளாக எரிந்தது. மறுபடி அணைந்தது.

"வந்துட்டாருங்க," என்றாள் கண்ணாயி. புதுப்பெண் மாதிரி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். கூரையைப் பார்த்து, இந்த வருடம் மிளகு பரவாயில்லை, சிவலைப் பசு கன்று போட்டிருக்கிறது என்று வரிசையாகச் சொன்னாள். அவள் நிறுத்திய இடத்திலெல்லாம் விளக்கு துடித்தது. ஹபீப் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். காரணம் அவருக்குத் தெரியும், அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். இருந்தும் கூரையை நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. பார்த்தால், அன்றைக்கு பஸ் ஜன்னலோரம் வந்து நின்றது மாதிரி செல்லமுத்து குனிந்து தன்னைப் பார்ப்பார் என்று பட்டது. உண்மையைச் சொன்னால் கவிதாவின் பழி தீரும். இந்தப் பெண்பிள்ளைக்குத் திரும்பி வந்த புருஷன் இரண்டாம் தடவை போய்விடுவார். யா அல்லாஹ், இதற்கு நான் எந்த வாயைத் திறப்பேன் என்று உட்கார்ந்திருந்தார்.

கண்ணாயியே தொடங்கினாள். "உங்களுக்காகத்தான் பாய் காத்துட்டிருந்தாரு. அந்த வெள்ளிக்கெழமையே பூ கேட்டாரு. வெள்ளப் பூவே வந்துச்சு. மக்யா நாளு சனிக்கெழமையே அவரே எறங்கி ஆறடிக்குக் குழி தோண்டி வெச்சாரு. கரியும் உப்பும் மூட்டையா வாங்கி வெச்சாரு. கரண்டு பாய் வந்து ஏதோ வெப்பாரு, அப்பறம் பயமில்லைம்பாரு. தெனமும் பஸ் வார நேரத்துக்கு ரோட்டுக்குப் போயி நிப்பாரு." அவள் முகத்தைத் திருப்பி அவரைப் பார்த்தாள். "ஏம் பாய் வரலீங்க?"

பின்பக்கத்துப் பலகைக் கல்லுக்குக் கீழே இருந்தது அந்தக் குழிதான். செல்லமுத்து தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டான் என்று ஊர் சொல்ல, பயந்து மூடிப் பொட்டு வைத்திருந்தார்கள்.

அதற்கு மேல் ஹபீபால் முடியவில்லை. "நான் வந்திருந்தா அவரு செத்திருக்க மாட்டாருங்க அக்கா," என்றார். சொல்ல ஆரம்பித்ததும் நிற்கவில்லை. பிளக்கின் மூடியைக் கழற்றி, பத்து வருடத்துத் தூசிக்குள் இருந்த விரல் நீளச் சிவப்பு ஒயரைக் காட்டினார். டெஸ்டரை எர்த்து ஓட்டையில் வைத்தார். எரியவே கூடாத இடத்தில் அது மங்கலாக எரிந்தது. "இதுதாங்க அவரக் கொன்னுச்சு. இதுதான் இப்ப அந்தப் பெட்டியையும் அணைக்குது. சாமி இல்லீங்க. அந்தப் புள்ள எந்த நாள்ல தொட்டிருந்தாலும், வேற யாரு தொட்டிருந்தாலும் இதேதாங்க நடந்திருக்கும். தெரிஞ்சும் நான் பத்து வருசமா வாயத் தொறக்கலீங்க."

தமிழ்செல்வன் பாய்ந்து வந்து அவர் சட்டையைப் பிடித்தான். பிடித்தவன் என்ன செய்வதென்று தெரியாமல் விட்டுவிட்டு வெளியே போய்விட்டான். கண்ணாயி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். விளக்கு துடித்தது. இப்போது அவள் ஒன்றும் பேசவில்லை. கடைசியில் எழுந்து மெயின் சுவிட்சை அவளே அணைத்தாள். "காலைல குழிய முடிச்சுக் குடுத்துட்டுப் போங்க. அவரு சொல்லிவெச்ச வேலை," என்றாள்.

காலையில் ஹபீப் பலகைக் கல்லைப் புரட்டினார். மறுபடி பூ கேட்க வேண்டுமா என்று கேட்டதற்கு, "உத்தரவு அன்னைக்கே வந்துருச்சுங்க," என்றாள் கண்ணாயி. குழிக்குள் பாதிக்கு இலைச்சேறு. இறங்கி அள்ளி அள்ளி வெளியே போட்டார். அடியில் கடப்பாரை கொத்திய தடம் இன்னும் களிமண்ணில் பதிந்திருந்தது, ஒவ்வொன்றும் செல்லமுத்து குத்தியது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு குழிக்குள் அழுதார். மேலே வந்தபோது தமிழ்செல்வன் இரும்புக் குழாயைச் சுமந்து வந்து போட்டான். முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கரி கொண்டுவந்தான், உப்பு கொண்டுவந்தான், இருபது குடம் தண்ணீர் சுமந்தான். கம்பத்து முடிச்சைச் சரிசெய்ய லைன்மேனையும் போய்க் கூட்டி வந்தான். சிவப்பு ஒயரை வெட்டி எடுத்து, மண்ணிலிருந்து வந்த புதுக் கம்பியை எர்த்து முனையில் முடுக்குவதற்குள் பொழுது சாய்ந்தது.

"முடிஞ்சுதுங்க," என்றார்.

"முடியலீங்க," என்றாள் கண்ணாயி. மகனைக் கூப்பிட்டு பரண் மேலிருந்த சாக்கு மூட்டையை இறக்கச் சொன்னாள். உள்ளே அந்த டேபிள் பேன். இத்தனை வருடம் அதைத் தூக்கிப் போடவும் மனமில்லை, கண்ணில் பார்க்கவும் மனமில்லை. ஹபீப் துடைத்து எண்ணெய் விட்டுப் பிளக்கில் சொருகி, மெயின் சுவிட்சைப் போட்டார். கண்ணாயி ஒரு வாளித் தண்ணீரை அவர் காலடியில் தரையில் ஊற்றினாள்.

"செருப்பில்லாம அப்படியே நில்லுங்க. அதும்மேல கைய வெய்யுங்க." பிறகு சமையற்கட்டைப் பார்த்துச் சொன்னாள். "கண்ணு, இங்க வா. சுச்சப் போடு."

கவிதா வந்து நின்றாள். "வேண்டாங்க அத்தை," என்றாள். "நான் போடமாட்டேனுங்க."

"போடு சாமி. எல்லாரு கண்ணு முன்னாலயும் போடு."

ஹபீப் இரும்பு மூடியின் மேல் உள்ளங்கையைப் பதித்தார். முறைப்படி செய்த வேலை, ஒன்றும் ஆகாது. ஆயிரம் தடவை சரிபார்த்த வேலைதான். இருந்தாலும் ஈரத்தரை காலில் சில்லிட்டது. கலிமாவை வாய்க்குள் சொன்னார். கவிதாவின் கை சுவிட்சுக்குப் பக்கத்தில் போய், பின்வாங்கி, மறுபடி போயிற்று. டக்கென்று சத்தம் கேட்டது.

பேன் முனகியது, தயங்கியது, சுற்றத் தொடங்கியது. காற்று அவர் தாடியில் பட்டது. அவர் கையை எடுக்கவில்லை.

கவிதா சுவிட்சிலிருந்து விரலை எடுக்காமல் அவரைப் பார்த்துக் கேட்டாள். "பயமா இருந்துச்சுங்களா பாய்?"

"ஆமாங்க."

"எனக்குப் பத்து வருசமா இருந்துச்சுங்க," என்றாள்.

ஹபீப் பேன் மேலிருந்து கையை எடுத்தார்.

பேனை எடுத்துவிட்டு அடாப்டரை மாட்டினார். ஆறரை ஆயிற்று. ஊரில் வரிசையாக விளக்குகள் எரிந்தன. நான்கு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. ஏழு மணியாயிற்று, அப்படியே எரிந்தது. கண்ணாயி வழக்கம்போல வைத்திருந்த டம்ளருக்கு முன்னால் உட்கார்ந்து, வாசலில் ஆள் போன பிறகும் பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி நெடுநேரம் பார்த்தாள்.

"இனி வரமாட்டாருங்க," என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தக் காப்பி டம்ளரை எடுத்து மருமகளிடம் நீட்டினாள். "இந்தா கண்ணு, ஆறிப்போறதுக்குள்ள நீ குடி."

கவிதா இரண்டு கையாலும் டம்ளரை வாங்கிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனாள். உள்ளே டக்கென்று சத்தம் கேட்டு லைட் எரிந்தது.